விருந்து மூன்று நாள், மிச்சம் பத்து மாதம்

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். மாணவர் பரிமாற்றத் திட்டம் ஒன்றின் மூலம் ஜெர்மனியில் இருந்து 16 வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி வரும் ஆகஸ்டில் அவர்கள் வீட்டுக்கு வருகிறாள். பத்து மாதம் தங்கி இங்கேயே பள்ளிக்கூடம் போவாள். வீட்டில் தங்கச்சியும் கணவரும், 15 வயது மகளும், அம்மாவும் இருக்கிறார்கள். ஏசி இல்லை. "எங்கள் வீடு அந்தப் பிள்ளைக்குச் சரிவருமா? என்னென்ன ஆயத்தம் செய்ய வேண்டும்? அம்மா பயப்படுகிறார்" என்பதுதான் கேள்வி.

சரிவரும். அம்மாவிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். மட்டக்களப்பில் எங்கள் வீட்டில் இப்படி இரண்டு பிள்ளைகள் இருந்து போனார்கள். முதலில் ஜெர்மனியில் இருந்து ஒரு பெண்பிள்ளை, பிறகு பெல்ஜியத்தில் இருந்து ஒரு பையன். வேறு சில வீடுகளில் பிணக்கு வந்தபோது ஆங்கில ஆசிரியை என்ற முறையில் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எந்தப் பிள்ளையும் என்னிடம் ஏசி கேட்டதில்லை. நல்ல காற்றாடி ஒன்றும் நுளம்பு வலையும் போதும். அவர்கள் கேட்டது இரண்டே விஷயம்: கொஞ்ச நேரம் தனியாக இருக்க விடுங்கள், எனக்கும் ஏதாவது வேலை தாருங்கள்.

நான் செய்த பிழையை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்து வீடுகள் எல்லாம் அதைத்தான் செய்யும். முதல் பிள்ளை வந்தபோது அவளை நான் தரையில் கால்படவிடவில்லை. அவள் உடுப்பை நானே தோய்த்தேன். நாங்கள் எல்லாரும் சாப்பிடுவதற்கு முன் அவளுக்குத் தனியாகப் பரிமாறினேன். குசினிக்குள் வந்தால், "நீங்க போய் இருங்கோ மகள்" என்று கதிரையைக் காட்டினேன். இறால், நண்டு, கணவாய் என்று தேடித் தேடி வாங்கினேன். ஐந்தாவது வாரம் அவள், திட்டத்தில் தனக்கென நியமித்திருந்த ஆலோசகரிடம் போய் அழுதிருக்கிறாள். "அவர்கள் மிக நல்லவர்கள். ஆனால் நான் ஒரு ஹோட்டலில் இருக்கிறேன், அந்த வீட்டில் எனக்கு இடமில்லை" என்றாளாம். எனக்கு அன்று இரவு நித்திரையே வரவில்லை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்ததை, விருந்தாளிதான் நாலாம் நாள் புறப்பட வேண்டும் என்று மட்டும் விளங்கி வைத்திருந்தேன். விருந்து வைப்பவரும் நாலாம் நாள் நிறுத்த வேண்டும் என்பது அன்றுதான் விளங்கியது.

அடுத்த நாள் பின்னேரம் திருவலையை அவள் முன்னால் வைத்து, தேங்காய்ப் பாதியைக் கையில் கொடுத்தேன். முதல் தேங்காய்க்கு முக்கால் மணி நேரம் எடுத்தது, சிரட்டையும் சேர்ந்தே வந்தது. அதற்குப் பிறகு அவள் ஊருக்குப் போகும் வரை எங்கள் வீட்டில் தேங்காய் திருவியது அவள்தான். வேறு யாராவது திருவலையில் இருந்தால் எழுப்பிவிடுவாள். ஆகவே, தங்கச்சி, மூன்று நாள் ஆசை தீர விருந்து வையுங்கள். நாலாம் நாள் உங்கள் மகளுக்கு என்ன வேலையோ அதில் பாதியை அவளுக்கும் கொடுங்கள். முற்றம் கூட்டட்டும், தன் கோப்பையைத் தானே கழுவட்டும், உடுப்பைத் தானே தோய்க்கட்டும். பிழை செய்தால் மகளிடம் சொல்வது போலவே சொல்லுங்கள். நாம் கோபத்தை அடக்கிக்கொண்டு சிரித்தால், அந்தப் பிள்ளைக்கு நம் முகம் விளங்காது. இரண்டு மாதம் கழித்து நாம் வெடிக்கும்போது அவள் திகைத்துப் போவாள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, நம் பேச்சு. "பின்னேரம் கடற்கரைக்குப் போவமா?" என்று கேட்டால் நாம் "ஓம், பாப்பம்" என்போம். அது பெரும்பாலும் இல்லை என்றுதான் நமக்குத் தெரியும். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பாள். இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். மறுபக்கம், அவள் "வேண்டாம்" என்றால் உண்மையிலேயே வேண்டாம். நாம் மூன்று தரம் கேட்டு, நாலாம் தரம் தட்டில் போட்டுவிடுவோம். அவளுக்கு அது தன் சொல்லை யாரும் மதிக்கவில்லை என்று படும். இரண்டாம் தரம் கேட்பதோடு நிறுத்த உங்கள் அம்மாவைப் பழக்குவது கடினம்தான். எங்கள் அம்மாவுக்கு ஒரு மாதம் பிடித்தது.

கதவு பற்றி. ஜெர்மன் வீடுகளில் அறைக் கதவு சாத்தியிருப்பது வழமை. கோபமோ, கவலையோ, ஒளிப்போ அதில் இல்லை. நம் வீடுகளில் கதவு சாத்தியிருந்தால் என்ன நடந்தது என்று மூன்று பேர் தட்டுவார்கள். நம்முடைய வளவுகளை நினைத்துப் பாருங்கள். நம் வழக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குச் சேரும் என்பதால் பக்கத்தில் சின்னம்மா வீடு, பின்னால் பெரியம்மா வீடு, வேலியில் ஒரு பொட்டு, அதால் நாள் முழுக்க ஆட்கள் வந்து போவார்கள். எங்களிடம் வந்த ஜெர்மன் பிள்ளைக்கு முதல் இரண்டு வாரம் இந்த வீட்டில் யார் யார் வசிக்கிறார்கள் என்றே தெரியவில்லை. கடைசியில் ஒரு பெரிய தாளில் எல்லாருடைய பெயரும் எழுதி, யாரை மாமி என்பது, யாரை மச்சாள் என்பது, ஏன் என்று கோடு கீறி வைத்தாள். நீங்கள் முதல் கிழமையே மகளோடு இருத்தி அதைச் செய்யுங்கள். தாய்வழிச் சொந்தம் சுற்றி வர இருப்பது நம் பகுதியின் சிறப்பு, அதை அவள் தன் ஊரில் காண மாட்டாள். ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு மணி நேரம் அவளைத் தனியே விடுங்கள் என்று வளவு முழுக்கச் சொல்லி வையுங்கள். நாள் முழுக்க விளங்காத மொழியைக் கேட்டுக்கொண்டிருப்பது உடம்பு வேலையை விடக் களைப்பு.

உங்கள் மகளைப் பற்றித்தான் எனக்கு அதிகம் அக்கறை. வருகிறவளைப் பற்றி எல்லாரும் யோசிப்பார்கள், 15 வயதில் ஏற்கெனவே வீட்டில் இருப்பவளை யாரும் யோசிப்பதில்லை. சொந்தக்காரர் வந்து, "எப்படி வெள்ளையாக, வடிவாக இருக்கிறாள்!" என்பார்கள். அதோடு நிற்க மாட்டார்கள். பக்கத்தில் நிற்கும் நம் பிள்ளையைப் பார்த்து நிறத்தைப் பற்றி ஒரு சொல் சொல்வார்கள். என் மகள் அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையோடு சேர்ந்து படம் எடுக்கவே வர மாட்டேன் என்றாள். அப்படிச் சொல்பவர் யாராக இருந்தாலும், வயதில் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும், அந்த இடத்திலேயே தடுத்துவிடுங்கள். கிழமையில் ஒரு நாள் உங்கள் மகளோடு மட்டும் வெளியே போங்கள். அவளுடைய ரியூசன், அவளுடைய பரீட்சை, அவளுடைய கூட்டாளிகள் எதுவும் பிந்தக் கூடாது. வருகிறவளை எங்கு போனாலும் கூட்டிக்கொண்டு போ என்று மகளிடம் பொறுப்புக் கொடுக்காதீர்கள். அக்கா தங்கச்சியாக ஆனால் அது தானாக வரட்டும்.

திட்டத்தின் விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தப் பரிமாற்றம் வியாபாரமாகத் தொடங்கியது அல்ல. ஏ.எஃப்.எஸ். என்ற அமைப்பு உலகப் போர்களில் காயப்பட்டவர்களை ஏற்றிய தொண்டர் அம்புலன்ஸ் சாரதிகளுடையது. இன்னொரு போர் வரக் கூடாது என்றால் பிள்ளைகள் ஒருவர் வீட்டில் ஒருவர் வாழ்ந்து பார்க்க வேண்டும் என்று 1947இல் பள்ளி மாணவர் பரிமாற்றத்தை ஆரம்பித்தார்கள். ரோட்டரி கழகங்களின் இளைஞர் பரிமாற்றமும் அதே மாதிரித்தான். வீட்டுக்காரர் காசு வாங்குவதில்லை. படுக்கையும் மூன்று வேளைச் சாப்பாடும் நம்முடையது. கைச்செலவு, போன், காப்புறுதி எல்லாம் பிள்ளையின் குடும்பமும் அமைப்பும் பார்ப்பது. ரோட்டரியில் ஒரு பிள்ளைக்கு ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகள் ஒழுங்கு செய்வார்கள். அதனால் நடுவில் வீடு மாறினால் மனம் நோகாதீர்கள். பிள்ளைக்கு வீட்டுக்கு வெளியே ஓர் ஆலோசகர் இருப்பார். வாகனம் ஓட்டுதல், மது, போதைப்பொருள், காதல் உறவு நான்கும் ரோட்டரியில் தடை. நம் ஊரில் இதில் சறுக்குவது முதலாவதில்தான். மச்சான்மார் யாராவது ஆசைக்கு ஸ்கூட்டியை ஓடப் பழக்குகிறேன் என்று வெளிக்கிடுவார்கள். ஒரு விபத்து நடந்தால் காப்புறுதி கைவிடும், பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பின்னால் ஏற்றிக்கொண்டு போகலாமா என்பதைக்கூட அமைப்பிடம் எழுத்தில் கேளுங்கள், ஹெல்மெட் இல்லாமல் ஒருபோதும் வேண்டாம். சைக்கிள் ஒன்று வாங்கிக் கொடுங்கள். நம் தரை தட்டை, அவளுக்கு அதை விடச் சுதந்திரம் வேறில்லை.

விசா அலுவல் பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தோடு. பள்ளிக்கூட அனுமதி அதிபரோடும் கல்வி அலுவலகத்தோடும். இரண்டையும் அமைப்புத்தான் முடிக்க வேண்டும், நீங்கள் அலையத் தேவையில்லை. ஆனால் அவள் விமானம் ஏறுவதற்கு முன் அனுமதிக் கடிதத்தின் பிரதியைக் கையில் வாங்கி வையுங்கள். வாய்ச்சொல்லை நம்பி ஒரு பிள்ளை ஐந்து வாரம் வீட்டில் சும்மா இருந்தது எனக்குத் தெரியும். பெற்றோர் கையொப்பமிட்ட மருத்துவச் சம்மதக் கடிதமும் வேண்டும். நடுச்சாமத்தில் ஆஸ்பத்திரியில் கேட்பார்கள்.

இனி மொழி. வீட்டில் எல்லாரும் அவளோடு இங்கிலிஷ் பேசிப் பழகலாம் என்று நினைப்பார்கள். அவளுக்கு இங்கிலிஷ் ஏற்கெனவே தெரியும், அவள் வருவது நம்மிடம் இருக்கும் ஒன்றுக்காக. முதல் மாதம் முக்கியமானதை மட்டும் இங்கிலிஷில் சொல்லுங்கள். பிறகு சாப்பாட்டு நேரம் முழுக்கத் தமிழ் என்று வையுங்கள். உங்கள் அம்மாவுக்கு இங்கிலிஷ் தெரியாது என்றால் அது பெரிய வரம், அவர்தான் சிறந்த ஆசிரியை. எங்களிடம் இருந்த ஜெர்மன் பிள்ளை என் அம்மாவிடம் இருந்துதான் "ஒள்ளுப்பம்" (கொஞ்சம்), "மறுகா" (பிறகு) என்ற நம் ஊர்ச் சொற்கள் எல்லாம் பிடித்தாள். ஒள்ளுப்பம் சோறு போடுங்கோ என்று அவள் முதல் தடவை கேட்டபோது அம்மா அழுதேவிட்டார். புத்தகத் தமிழ் வேறு, பேச்சு வேறு என்பதை முதலே சொல்லுங்கள். இல்லாவிட்டால் தான் படித்ததெல்லாம் பிழை என்று சோர்ந்துவிடுவாள். "போறன்" என்று சொல்லாமல் "போயிற்று வாறன்" என்று சொல்ல வேண்டும் என்பதும் முதல் நாளே சொல்லிக் கொடுக்க வேண்டியது.

சாப்பாட்டில் உறைப்பைப் பற்றித்தான் எல்லாரும் கவலைப்படுவார்கள். அது தானாகச் சரியாகும். பால்சொதி, பருப்பு, முட்டைப் பொரியல், இடியப்பம், எருமைத் தயிர் என்று தொடங்கி, இரண்டு மாதத்தில் மீன்குழம்புக்கு வந்துவிடுவார்கள். கவனிக்க வேண்டியது வேறு. அங்கே இந்த வயதில் பல பிள்ளைகள் இறைச்சி, மீன் சாப்பிடுவதில்லை. முன்கூட்டியே கேளுங்கள். சைவம் என்றால் சம்பலில் போடும் மாசியும் மீன்தான் என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். நாமே மறந்துவிடுவோம், பிறகு தெரிய வந்தால் ஏமாற்றியதாக நினைப்பாள். ஜெர்மனியில் பல வீடுகளில் இரவுச் சாப்பாடு பாணும் சீஸும் தான், சமைத்த சாப்பாடு மத்தியானம். இரவு எட்டரைக்குப் புட்டு ஒரு மலை போல வந்தால் திகைப்பாள். சில நாள் பாணும் வாழைப்பழமும் போதும் என்றால் விட்டுவிடுங்கள். தண்ணீர், கொதித்தாறியது மட்டும். கழிப்பறையில் தண்ணீர் பாவிப்பதையும், மாதவிடாய்த் துணியை எங்கே போடுவது என்பதையும் வந்த அன்றே நீங்கள் வெட்கப்படாமல் சொல்லிக் கொடுங்கள். அவள் கேட்க மாட்டாள்.

கோயிலுக்கும் அதே கதை. மாதவிடாய் நாட்களில் நாம் கோயிலுக்குப் போவதில்லை என்பதை முதல் தடவை போவதற்கு முந்திய நாளே சொல்லுங்கள், வாசலில் வைத்துச் சொல்லாதீர்கள். ஏன் என்று கேட்பாள். உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். அவள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை, மதித்தால் போதும். அவளுக்குச் சமய நம்பிக்கையே இல்லாமலும் இருக்கலாம். திருநீறு பூசக் கட்டாயப்படுத்த வேண்டாம். கேட்டால் பூசிவிடுங்கள். கல்முனையிலோ காத்தான்குடியிலோ உங்களுக்குத் தெரிந்த முஸ்லிம் குடும்பம் இருந்தால் நோன்பு காலத்தில் ஒரு நாள் கூட்டிப்போய்க் கஞ்சி குடிக்கச் செய்யுங்கள். இந்தக் கரையில் இரண்டு சமூகமும் ஒரே தமிழைப் பேசி வாழ்வதை அவள் பார்க்க வேண்டும்.

உடம்பைப் பற்றி மூன்று விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். காய்ச்சல் வந்தால் பனடோல் (பரசிட்டமோல்) மட்டும். ஜெர்மன் பிள்ளைகள் தலையிடிக்கும் வயிற்றுவலிக்கும் இபுப்ரூஃபென் கொண்டு திரிவார்கள். டெங்குக் காய்ச்சலில் அதுவும் அஸ்பிரினும் இரத்தப்போக்கைக் கூட்டும். இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டது, உலக சுகாதார அமைப்பு 2016இல் சான்றும் தந்தது. ஆனால் டெங்கு மாரியோடு வரும். நாய் கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரி. மூன்றாவது கடல். அவள் நீச்சல் குளத்தில் நன்றாக நீந்துவாள், அதனால்தான் ஆபத்து. களுவாஞ்சிகுடிக் கடல் திறந்த வங்காள விரிகுடா. வாடைக் காலத்தில் கரையிலேயே ஆளை இழுக்கும். நீந்த ஆசைப்பட்டால் கடல் அமைதியான மாதங்களில் பாசிக்குடாவுக்குக் கூட்டிப்போங்கள். அங்கே வெகு தூரம் வரை இடுப்பளவுதான். உங்கள் கடலில் கால் நனைக்கலாம், தனியே ஒருபோதும் இல்லை என்று ஒரே விதி.

பள்ளிக்கூடம் நீங்கள் நினைப்பதை விட மெதுவாகப் பிடிபடும். அவள் வரும்போது இங்கே ஆண்டின் கடைசித் தவணை. வகுப்பு தமிழில் நடக்கும், பிள்ளைகள் பரீட்சைக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். அவளை யாருக்கும் கவனிக்க நேரமிருக்காது. சித்திரம், நடனம், விளையாட்டு, இங்கிலிஷ் இலக்கியம் என்று அவள் கைகொடுக்கக்கூடிய பாடங்களை அதிபரிடம் கேட்டு வாங்குங்கள். புது ஆண்டில் பள்ளிக்கூட இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டி வரும்போது எல்லாம் மாறும். இல்லம் சோடிக்க இரவு வரை நின்று வேலை செய்த பிள்ளைக்கு அதற்குப் பிறகு கூட்டாளிகளைத் தேட வேண்டி இருக்காது.

அதற்கு முந்திய காலம்தான் கடினம். நவம்பர், டிசம்பர். மாரி அடைத்துப் பெய்யும், வீதியில் வெள்ளம் நிற்கும், வெளியே போக முடியாது, மின்சாரம் போகும். அதே நேரம் அவள் ஊரில் நத்தார். வீட்டு நினைவு அப்போதுதான் உச்சத்துக்கு வரும் என்று எங்களிடம் வந்த இரண்டு பிள்ளைகளிடமும் கண்டேன். ஒன்றும் பேசாமல் படுத்திருப்பாள், போனிலேயே கிடப்பாள். போனைப் பறிக்காதீர்கள். அவள் வீட்டில் நத்தாருக்கு என்ன செய்வார்கள் என்று கேட்டு, அதில் ஒன்றை உங்கள் குசினியில் அவளையே செய்ய விடுங்கள். எங்கள் பிள்ளை கறுவா போட்டு பிஸ்கட் சுட்டு வளவு முழுக்கக் கொடுத்தாள். பொங்கலுக்கு அவளே பானையில் அரிசி போடட்டும். சித்திரை வருடப்பிறப்பில் கைவிசேஷம் அவளுக்கும் கொடுங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கும், அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தியும் வரும்போது அவள் நம் ஊர்ப்பிள்ளையாக முன்வரிசையில் நிற்பாள், புறப்படும் நாளும் நெருங்கியிருக்கும்.

ஒன்றை மட்டும் மிகத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அது பாதுகாப்பு. அவள் அறைக்குள் உங்களையும் மகளையும் அம்மாவையும் தவிர யாரும் போகக் கூடாது. சொந்தக்கார ஆண்கள் யாரும் அவளோடு தனியே இருக்கும்படி விடாதீர்கள். தோளில் கைபோட்டுப் படம் எடுக்கும் பழக்கத்தையும் தடுங்கள். அவளைக் கேட்காமல் அவள் படத்தை யாரும் முகநூலில் போடக் கூடாது. யாராவது சங்கடப்படுத்தினால் முதலில் உங்களிடம், உங்களிடம் சொல்ல முடியாவிட்டால் ஆலோசகரிடம், அதுவும் முடியாவிட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்குச் சொல்லலாம் என்று வந்த முதல் கிழமையே சொல்லுங்கள். அவள் ஏதாவது சொன்னால் குடும்பப் பெயரை நினைத்து மூடி மறைக்காதீர்கள். நமக்கு நம்பித் தந்த பிள்ளை.

இப்போது செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் மகளைக் கொண்டு அவளுக்கு ஒரு கடிதம் எழுதச் செய்யுங்கள். வீட்டின் படம், கிணற்றின் படம், அவளுடைய கட்டிலின் படம், காலை எத்தனை மணிக்கு எழும்புவீர்கள், எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பீர்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். மகளோடு ஒரே அறையில் படுக்கலாம், ஆனால் அவளுக்கெனத் தனிக் கட்டில் வேண்டும். அவளுடைய உயரத்தையும் அந்தக் கடிதத்திலேயே கேளுங்கள். நம் கட்டில்கள் பெரும்பாலும் ஆறடி. எங்களிடம் வந்த பையன் ஆறடி இரண்டு அங்குலம், முதல் இரவு முழுக்கக் காலை மடக்கிக்கொண்டே படுத்திருக்கிறான். தச்சரிடம் சொல்ல உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, நுளம்பு வலையைக் கட்டில் முடிந்த பிறகு வாங்குங்கள்.